டிரெய்லரில் வைக்கும் சின்ன மோட்டார் படகு: பம்பாயில் முதல் வருஷத்தைத் தாண்ட

செம்பூரில் இருந்துகொண்டு படகு வைத்திருக்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் "எங்கே நிறுத்துறே?" என்று கேட்பார்கள். அந்த இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. 16 அடி ஃபைபர் படகு, பின்னால் 40 எச்.பி. அவுட்போர்டு (பின் பலகைக்கு வெளியே மாட்டுகிற எஞ்சின்), கீழே ஒற்றை ஆக்சில் டிரெய்லர். இதில் வருஷத்துக்கு 30 நாள் தண்ணீரில் இருந்தால் அதிகம், மிச்ச நாளெல்லாம் தரையில்தான் கிடக்கிறது. ஆகவே அது கெட்டுப்போவதும் பெரும்பாலும் தரையில்தான். புதிதாக வாங்குகிறவர்கள் எந்த ஃபிஷ் ஃபைண்டர் நல்லது, ஸ்பீக்கரை எங்கே பொருத்தலாம் என்றெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். டிரெய்லர் சக்கரத்துக்குள் என்ன பேரிங் இருக்கிறது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதனால் நான் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டிரெய்லர்

என் முதல் வருஷத்தில் அலிபாக் போகலாம் என்று விடியற்காலை கிளம்பி, பன்வெல் தாண்டிப் பேண் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ஏதோ கருகுகிற வாசனை வந்தது. லாரி பிரேக் என்று நினைத்துக்கொண்டு இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். இறங்கிப் பார்த்தால் இடது சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, ஹப்பிலிருந்து, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்திலிருந்து, புகை. பேரிங் உடைந்து அந்தத் துகள் ஆக்சில் முனையையும் தின்றுவிட்டது. டிராக்டர் வேலை பார்க்கும் ஒரு மனிதர் வந்து கழற்றுவதற்குள் மணி பத்து. கடலை அன்றைக்குக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. நெடுஞ்சாலையில் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும், உள்ளே இருக்கிற காற்றும் சூடாகி விரிந்திருக்கும். நேராகக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கினால் அந்தக் காற்று சட்டென்று சுருங்கும், சுருங்குகிற வேகத்தில் ஆயில் சீல் வழியாக உப்புத்தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸில் உப்புத்தண்ணீர் கலந்து, படகு இரண்டு மாதம் சும்மா நின்று, உள்ளே துரு பிடித்து, மூன்றாவது பயணத்தில் போய்விடும். அதனால் ராம்புக்கு, அதாவது படகைத் தண்ணீரில் இறக்குகிற சரிவுக்கு, வந்ததும் முதல் வேலையாக ஒரு டீ குடியுங்கள். ஹப் ஆறுவதற்குப் பதினைந்து இருபது நிமிஷம் வேண்டும்.

பேரிங்கைப் பார்ப்பது கஷ்டமான வேலை இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு பக்கமும் முடிந்துவிடும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்குங்கள், மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆட்டம் இருந்தாலோ, கரகரவென்று சத்தம் வந்தாலோ திறந்துவிட வேண்டியதுதான். மூடியைத் தட்டி எடுத்து, நட்டைப் பூட்டியிருக்கிற ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றினால் வெளிப்பேரிங் கையில் வந்துவிடும்; உள்பேரிங்கை எடுக்க ஆயில் சீலைப் பெயர்க்க வேண்டும், பெயர்த்த சீலை மறுபடி போடக் கூடாது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். உருளைகளில் குழியோ, நீலம் பாய்ந்த கறையோ தெரிந்தால் பேரிங்கோடு அது உட்காரும் கிண்ணத்தையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். புதுக் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் வழியாகக் கிரீஸ் பிதுங்குகிற வரைக்கும் ஏற்றுங்கள். தண்ணீரைத் தாங்கும் மரைன் கிரீஸ்தான் போட வேண்டும், பழைய கிரீஸோடு கலக்க வேண்டாம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கி, இறுகியதும் அடுத்த துளை வரைக்கும் பின்னால் தளர்த்தி, புது ஸ்பிளிட் பின் போட்டு மடக்குங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு நெடுஞ்சாலையில் நான் போவதில்லை.

நம் ஊரில் செய்கிற டிரெய்லர்களில் ஏதாவது ஒரு கார் ஹப்பைத்தான் போட்டிருப்பார்கள். எந்தக் கார் என்று செய்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பேரிங் விளிம்பில் எண் பொறித்திருக்கும், அதை ஃபோட்டோ எடுத்து வையுங்கள். மஸ்ஜித் பந்தர் பக்கம் நாக்தேவி தெருவில் அந்த எண்ணைக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு ஜோடி பேரிங், சீல், ஸ்பிளிட் பின், கிரீஸ் பூசிய ஹப் ஒன்று, எல்லாம் பழைய பிஸ்கட் டின்னில் வண்டியிலேயே இருக்கட்டும்.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். படகும் டிரெய்லரும் சேர்ந்த எடையில் 5 முதல் 10 சதவீதம் காரின் கொக்கி மேல் உட்கார வேண்டும்; மொத்தம் 600 கிலோ என்றால் 30லிருந்து 60 கிலோ. வீட்டில் எடை பார்க்கும் மெஷினை டிரெய்லர் மூக்குக்கு அடியில் வைத்தே பார்த்துவிடலாம். இது குறைந்தால் வேகமெடுத்ததும் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிக்கும், அப்போது பிரேக்கை அழுத்துவதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தால் போதும். படகை, அதை டிரெய்லர் மேல் இழுக்கிற வின்ச்சின் பட்டை மட்டும் பிடித்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள், பின்பக்கம் இரண்டு ரேட்செட் பட்டை கட்டாயம். அவுட்போர்டைத் தூக்கி வைத்தால் அதன் சொந்தக் கொண்டியில் தொங்க விடாமல் அடியில் ஒரு மரக்கட்டை கொடுங்கள், இல்லாவிட்டால் குழிக்குக் குழி அந்த எடை முழுதும் பின் பலகையைத்தான் உலுக்கும். மழை முடிந்த சயான்–பன்வெல் சாலையில் ஒருமுறை போனால் நான் சொல்வது புரியும். பாதி வழியில் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள்; இளஞ்சூடு சரி, கை வைக்க முடியவில்லை என்றால் சரியில்லை.

மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வண்டிதான், அதற்கும் பதிவு உண்டு. வாங்குவதற்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ.வில் பேசிவிடுங்கள். படகின் பதிவுக்கு மகாராஷ்டிரா மாரிடைம் போர்டிடம் போக வேண்டும். ஏரி, ஆறு, உப்பங்கழி என்று உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடுகிற கலங்களுக்கு 2021இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம்தான் இப்போது நடப்பு, அதற்கு முன்னால் இருந்தது 1917ஆம் வருஷத்துச் சட்டம். காகிதங்களின் நகலை நனையாத உறையில் போட்டுப் படகிலேயே வையுங்கள். 2008 நவம்பர் 26 அன்று தாக்குதல்காரர்கள் ரப்பர் படகில் வந்து கஃப் பரேடு பக்கத்து மீனவர் குடியிருப்பில்தான் கரையேறினார்கள், அதனால் இந்தக் கடற்கரையில் யாராவது நிறுத்திக் கேட்டால் கோபப்படுவதில் அர்த்தமில்லை.

ராம்பும் பஞ்சாங்கமும்

பம்பாய்க் கடலில் உதாண் நாட்களில், அதாவது பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வரும் பெரிய பெருக்கு நாட்களில், ஏற்றத்துக்கும் (பெருக்கு) வத்தத்துக்கும் (தண்ணீர் இறங்கி நிற்பது) நடுவே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். சென்னைக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியாது, அங்கே முழுசாக ஒன்றரை மீட்டர்கூட ஏறி இறங்காது. இங்கே பெருக்கில் அழகாகத் தண்ணீருக்குள் இறங்குகிற ராம்ப், வத்தத்தில் சேற்றில் போய் முடியும்.

டைட் டேபிள் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் வீட்டில் தொங்கும் தமிழ் தினசரிக் காலண்டரே பாதி சொல்லிவிடும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இங்கே பெருக்கு நடுப்பகல் 12, 1 மணிக்கு வரும். காலையும் மாலையும் 6, 7 மணிக்கு வத்தம். தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிக்கொண்டே போகும். எனவே பௌர்ணமி ஞாயிறு விடியற்காலையில் ஆசையாகப் படகை இழுத்துக்கொண்டு போனால் சேறுதான் வரவேற்கும். அஷ்டமி, நவமிக்கு வந்தால் பெருக்கு காலை 6, 7 மணிக்கு, ஏற்ற இறக்கமும் குறைவு, நீரோட்டமும் சாது. அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்காதே என்று பாட்டி சொல்வாள், புதிதாகப் படகு இறக்குகிறவர்களுக்கு அந்த நாட்கள்தான் தோது. பெருக்கு நேரம் கேட்வே பக்கம் ஒன்று, தாணே க்ரீக்குக்குள் போகப் போகக் கொஞ்சம் தள்ளும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கோலிவாடா, அதாவது கோலி மீனவர் குடியிருப்பு, ராம்பில் இறக்குவதாக இருந்தால் முதல் நாளே போய்க் கேளுங்கள். அது அவர்கள் தொழில் செய்கிற இடம், மீன் இறக்குகிற நேரத்தில் நாம் குறுக்கே நின்று செல்ஃபி எடுத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. மராத்தியில் பர்த்தி என்றால் ஏற்றம், ஓஹோட்டி என்றால் வத்தம். இந்த இரண்டு வார்த்தையும் ஒரு வணக்கமும் தெரிந்திருந்தால், எந்தப் பக்கம் பாறை, எங்கே டோல் வலையின் கம்பு நட்டிருக்கிறது என்பதையெல்லாம் அங்கே இருக்கிற தண்டேலே (படகுத் தலைவர்) சொல்லிவிடுவார். எந்த ஆப்பிலும் அந்தக் கம்புகள் இருக்காது.

ராம்புக்குப் பின்னோக்கி வருவதற்கு முன்னால், தள்ளி நின்றே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்: டிரெயின் பிளக் (படகின் அடியில் தண்ணீர் வடிகிற துளையின் அடைப்பு) போட்டாச்சா என்று பார்ப்பது, பட்டைகளை அவிழ்ப்பது, எஞ்சின் கட்டையை எடுப்பது, டிரெய்லர் விளக்கின் ஒயரைப் பிடுங்குவது (சூடான பல்பு தண்ணீரில் வெடிக்கும், எல்.இ.டி. என்றாலும் பிடுங்கிவிடுங்கள், ஃப்யூஸ் போகாமல் இருக்கும்), சாமான் ஏற்றுவது. படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், ஒரு கயிற்றைக் கட்டி அதைக் கரையில் நிற்கிற ஆளிடம் கொடுங்கள். வின்ச் கொக்கியைப் படகு மிதக்கிற வரைக்கும் கழற்ற வேண்டாம். பாசி பிடித்த கான்கிரீட்டில் கொக்கியை முன்னாலேயே கழற்றியவர் படகை ராம்பிலேயே உட்கார வைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கார் டயருக்குக் கட்டை கொடுக்க ஒரு ஆள் வேண்டும். ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்.

டிரெயின் பிளக்கைப் பற்றி ஒரே வரி: இன்னொன்றை வாங்கிச் சாவிக்கொத்தில் கோத்துவிடுங்கள்.

எஞ்சின்

எனக்கு எஞ்சின் பார்த்துக் கொடுக்கிற மெக்கானிக் அண்ணன் தூத்துக்குடிக்காரர், ரே ரோடு பக்கம் முப்பது வருஷமாக அவுட்போர்டு வேலைதான். முதல் நாள் எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து பீய்ச்சி அடிக்கிற மெல்லிய தண்ணீரைக் காட்டி, "தம்பி, அது ஒண்ணுக்குப் போகுதான்னு பாத்துக்கிட்டே இரு. நின்னுச்சுன்னா நீயும் நிறுத்திரு" என்றார். அவுட்போர்டு பற்றி யாரும் எனக்குச் சொன்னதில் இதைவிட உபயோகமானது வேறில்லை.

அவுட்போர்டுக்கு ரேடியேட்டர் கிடையாது, கடல் தண்ணீரையே உறிஞ்சி எஞ்சினைக் குளிர வைத்து வெளியே தள்ளும். உறிஞ்சுகிற வேலையைச் செய்வது உள்ளே ஒரு சின்ன ரப்பர் சக்கரம், இம்பெல்லர். தண்ணீரே இல்லாமல் சில நொடி ஓடினாலே அது தேய ஆரம்பித்துவிடும், அதனால் "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்" என்று பார்க்கிங்கில் வெறுமனே எஞ்சினைப் போட வேண்டாம். க்ரீக்கில் பிளாஸ்டிக் பை உறிஞ்சுவாயில் ஒட்டிக்கொண்டாலும் பீய்ச்சுவது நின்றுவிடும். நின்றால் எஞ்சினை அணைத்து, தூக்கி, பையைப் பிடுங்குங்கள். பை இல்லை என்றால் தண்ணீர் வருகிற அந்தத் துளையை மெல்லிய நைலான் நரம்பால் குத்துங்கள், உப்போ மண்ணோ அடைத்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் கரைக்குத் துடுப்புதான். இம்பெல்லரை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. எஞ்சின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருளே இல்லை.

கடலிலிருந்து திரும்பிய அன்றே நல்ல தண்ணீரில் எஞ்சினைக் கழுவ வேண்டும், அடுத்த வாரம் இல்லை, அன்றைக்கே. காது மூடி மாதிரி இரண்டு ரப்பர் கிண்ணம் கிடைக்கும், அதை உறிஞ்சுவாயில் மாட்டி ஹோஸ் பைப்பைத் திறந்து, தண்ணீர் வந்தபின் எஞ்சினைப் போட்டு, நியூட்ரலில் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட விடலாம். ஹவுசிங் சொசைட்டியில் அவ்வளவு நேரம் ஹோஸ் பைப் திறந்துவிட்டால் செயலாளர் சண்டைக்கு வருவார், அது நியாயமும்கூட. அதனால் நான் 200 லிட்டர் நீல டிரம் ஒன்றின் மேல்பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன். எஞ்சினின் கீழ்ப்பகுதி அதற்குள் இறங்கி, உறிஞ்சுவாய்க்கு நன்றாக மேலே தண்ணீர் நிற்க வேண்டும். கியர் போடவே கூடாது. கட்டடத்துக்கு அடியில் இருக்கிற பார்க்கிங்கில் இதைச் செய்யாதீர்கள், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனையே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும். திறந்த வெளி வேண்டும். முடித்த பிறகு எஞ்சினை நிமிர்ந்த நிலையில் கொஞ்ச நேரம் விடுங்கள், உள்ளே இருக்கிற தண்ணீர் முழுதும் வடியட்டும்.

அப்புறம் பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அவுட்போர்டு கையேடுகள் பலவற்றில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றே போட்டிருக்கும், உங்கள் மாடலுக்கு என்ன என்று டீலரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கிற குணம், பம்பாய்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டேங்க் பாதி காலியாகப் பல வாரம் கிடந்தால் அந்தப் பாதிக் காற்றின் ஈரமெல்லாம் பெட்ரோலுக்குள் போகும். ஒரு அளவு தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், எஞ்சின் உறிஞ்சுகிற குழாயும் சரியாக அங்கேதான் இருக்கிறது. நான் செய்வது இதுதான். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே நிரப்புகிறேன், டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போட்டிருக்கிறேன், பழைய ரப்பர் ஹோஸும் கையால் அமுக்கும் பம்ப் பந்தும் பிசுபிசுத்துப்போனதால் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். கார்புரேட்டர் எஞ்சின் என்றால் கடைசியில் பெட்ரோல் ஹோஸைப் பிடுங்கிவிட்டு அதுவாக அணைகிற வரைக்கும் ஓட விடுங்கள். டிரம்மில் கழுவுகிறபோதே இதைச் செய்துவிடலாம். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் எஞ்சினில் இதைச் செய்யாதீர்கள், அதன் பம்புக்கு ஆகாது.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஸ்கூட்டர் 2டி ஆயில் போதும் என்று சொல்பவர் கட்டாயம் ஒருவர் வருவார். தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கு டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்ட ஆயில்தான் வேண்டும். 50க்கு 1 என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி. விகிதம் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

கியர் ஆயிலை 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கீழ் ஸ்க்ரூவைக் கழற்றினதும் வழிகிற ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். பால் ஊற்றின காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் போய்விட்டது. சீல் போவதற்கு இங்கே முக்கியமான காரணம் தூண்டில் நரம்பும் அறுந்த வலைநூலும். அது புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு மெதுவாக அறுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே நாலைந்து பயணத்துக்கு ஒருமுறை புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்து, ஷாஃப்டில் கிரீஸ் தடவிப் போடுங்கள். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்ற வேண்டும், மேல் துளையில் வழிகிற வரைக்கும். முதலில் மேல் ஸ்க்ரூவை மூடிவிட்டு அப்புறம் கீழே இருக்கிற குழாயை எடுங்கள், மாற்றிச் செய்தால் ஏற்றினதெல்லாம் செருப்பில். வாஷர் இரண்டும் ஒவ்வொரு தடவையும் புதுசு.

எஞ்சினில் ஆங்காங்கே சாம்பல் நிறத்தில் சின்ன உலோகக் கட்டி இருக்கும், அதன் பெயர் ஆனோடு. உப்புத்தண்ணீர் அலுமினியத்தை அரிப்பதற்குப் பதிலாக முதலில் இதை அரிக்கும், அதற்காகவே வைத்தது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள், மேலே பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். கடலுக்கு ஜிங்க், நல்ல தண்ணீருக்கு மெக்னீசியம், இரண்டுக்கும் போகிறவர்களுக்கு அலுமினிய ஆனோடு. லோனாவாலா பக்கம் பவனா ஏரிக்கும் கடலுக்கும் மாறி மாறிப் போகிற ஆளாக இருந்தால் அலுமினியம்தான் சரி.

ஒயரிங்

இதில் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது, தப்பு எப்போதும் ஒரே இடத்தில்தான்: வீட்டு ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பில். லோகார் சால் மின்சாமான் கடைகளில் ஈயம் பூசிய செம்பு ஒயர் என்று கேட்டு வாங்குங்கள். சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் உறை போட்டு இணையுங்கள். பாட்டரியிலிருந்து கிளம்புகிற ஒயருக்குப் பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வேண்டும், சாண் தூரத்துக்குள். படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கிற பில்ஜ் பம்பை மெயின் சுவிட்ச் வழியாகப் போகாமல் நேராகப் பாட்டரியில் (ஃப்யூஸ் வழியாகத்தான்) இணையுங்கள், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கரையில் தூங்கினாலும் தண்ணீர் ஏறினால் அது தானாக ஓட வேண்டும். பெட்டியில் போட்டிருக்கிற அளவுக்கு எந்தப் பம்பும் இறைக்காது, அதனால் ஒரு வாளியும் இருக்கட்டும்.

ஸ்க்ரூ, போல்ட்டுக்கு 316 ஸ்டெயின்லெஸ் என்று கேளுங்கள். 304 பளபளவென்றுதான் இருக்கும், ஒரு மழைக்காலம் போனால் தெரியும்.

என்னென்ன வாங்குவது, எந்த வரிசையில்

முதலில் லைஃப் ஜாக்கெட், ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று, குழந்தைக்குக் குழந்தை அளவு, கால்களுக்கு நடுவே வருகிற பட்டையோடு. 2024 டிசம்பர் 18 அன்று கேட்வேயிலிருந்து எலிபென்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் படகின் மேல், எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப்படகு வந்து மோதியது. பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். தண்ணீரில் விழுந்த பிறகு ஜாக்கெட்டைத் தேடிப் போடலாம் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். தாருகானாவில் உடைத்த கப்பல்களின் சாமான் கிடைக்கும், கயிறும் சங்கிலியும் நான் அங்கேதான் வாங்கினேன், ஆனால் பழைய ஜாக்கெட் மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கிற நுரைக்கு என்ன வயசு என்று யாருக்குத் தெரியும்.

எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் தகடு இல்லையென்றால் ஒரு உத்தேசக் கணக்கு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கி 15ஆல் வகுங்கள். 16 அடிக்கு 6 அடி என்றால் 96, வகுத்தால் ஆறு பேர். அதுவும் அமைதியான தண்ணீரில். ஊரிலிருந்து சித்தப்பா குடும்பத்தோடு வந்து எல்லாரும் ஏறணும் என்று நிற்பார்கள், இரண்டு நடையாகக் கூட்டிப் போங்கள், சித்தி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இரண்டாவது கில் ஸ்விட்ச் கயிறு. எஞ்சினோடு வந்திருக்கும், எல்லார் வீட்டிலும் அது டிராயரில்தான் இருக்கிறது. ஓட்டுகிறவர் விழுந்தால் எஞ்சின் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே வரும்.

மூன்றாவது நங்கூரம். இங்கே அடியில் சேறு, அதற்கு மடிகிற இரண்டு தட்டை நகம் கொண்ட டான்ஃபோர்த் வகை நன்றாகப் பிடிக்கும். முதல் மூன்று மீட்டர் சங்கிலி, மிச்சம் கயிறு. கயிற்றின் நீளத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது வேண்டும், அந்த ஆழத்தைப் பெருக்கு நேரத்துக்குக் கணக்குப் போட வேண்டும். வத்தத்தில் 3 மீட்டர் இருக்கிற இடத்தில் நங்கூரம் போடுகிறீர்கள், தண்ணீர் இன்னும் 4 மீட்டர் ஏறும், அணியம் தண்ணீருக்கு மேல் அரை மீட்டர். ஏழரையை ஐந்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட 38 மீட்டர். 15 மீட்டர் கயிறு போட்டுவிட்டு மீன் பிடிக்க உட்கார்ந்தால் மதியத்துக்குள் படகு நங்கூரத்தையும் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடும். அதை எப்போதும் அணியத்தில்தான் கட்ட வேண்டும், பின்பக்கம் கட்டினால் அலை பின் பலகை ஏறி உள்ளே வரும்.

பிறகு இரண்டு துடுப்பு, 2 கிலோ பவுடர் தீயணைப்பான், விசில், தலையில் மாட்டுகிற டார்ச், கூர்மையான கத்தி (வலை சுற்றினால் வேறு வழியில்லை), இழுவைக் கயிறு, முதலுதவிப் பெட்டி, ஸ்பார்க் பிளக்கும் அதன் ஸ்பானரும், புரொப்பெல்லர் பின். இருட்டின பிறகு ஓட்டுவதானால் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, எல்லாத் திசைக்கும் தெரிகிற வெள்ளை விளக்கு. கரையோரத்தில் ஃபோன் எடுக்கும், நனையாத உறையில் இரண்டு வேறு கம்பெனி சிம் வையுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் போலீஸுக்கு 1093. மேலே தள்ளிப் போகிறவர்களுக்கு வி.எச்.எஃப். ரேடியோ, சேனல் 16, அதற்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற மாமா சாட்டிலைட் ஃபோன் கொண்டுவருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அனுமதி இல்லாமல் அதை இங்கே வைத்திருப்பதே குற்றம்.

ஃபிஷ் ஃபைண்டரும் ஸ்பீக்கரும் இதற்கெல்லாம் அப்புறம் காசு மிஞ்சினால்.

பெட்ரோல் கணக்கு: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்க. காலையில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று எழும்பும். திரும்புகிற பாதையில் அது எதிரே இருந்தால் போனதைவிட ஒன்றரை மடங்கு குடிக்கும்.

மழைக்காலம்

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் இயந்திரப் படகுகளுக்கு மீன்பிடித் தடை. கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகிற லாஞ்சுகளும் மழையில் நின்றுவிடும். நாமும் மே கடைசி வாரத்தில் படகை மூடிவிட வேண்டியதுதான்.

எஞ்சினைக் கழுவி, பெட்ரோலை வடித்துக் காரில் ஊற்றிவிடுங்கள் (ஆயில் கலந்திருந்தால் ஊற்றாதீர்கள்). பிளக்கைக் கழற்றிச் சிலிண்டரில் துரு பிடிக்காமல் காக்கிற ஃபாகிங் ஆயில் அடித்து, ஃப்ளைவீலைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி மாட்டுங்கள். கியர் ஆயிலை இப்போதே மாற்றிவிடுங்கள், ஆவணிக்கு ஒத்திப் போட வேண்டாம், உள்ளே தண்ணீர் இருந்தால் நாலு மாதத்தில் பல் சக்கரம் துரு பிடிக்கும். பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். டிரெய்லரைச் செங்கல் மேல் ஏற்றி டயரைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள்.

டிரெயின் பிளக்கைக் கழற்றி, அணியம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்து இருக்கும்படி டிரெய்லரை நிறுத்த வேண்டும், மழைத்தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். தார்ப்பாயை நடுவில் ஒரு மூங்கில் கொடுத்துக் கூடாரம் மாதிரிக் கட்டுங்கள். தட்டையாகக் கட்டினால் ஒரு இரவு மழையில் தார்ப்பாய் குளமாகி அந்த எடை விண்ட்ஷீல்டை உடைத்துவிடும். கொசுவும் வரும், மாநகராட்சி ஆள் வந்து தேங்கின தண்ணீரைப் பார்த்தால் சொசைட்டிக்கு நோட்டீஸ், சொசைட்டியிலிருந்து உங்களுக்கு. எலி இன்னொரு தொல்லை, ஒயரைக் கடிப்பதில் அதற்கு என்ன ருசியோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தார்ப்பாயைத் தூக்கி எட்டிப் பாருங்கள்.

நமக்கு ஆவணி அவிட்டம் வருகிற அதே பௌர்ணமியில்தான் கோலிகளுக்கு நாரளி பௌர்ணிமா, கடலுக்குத் தேங்காய் விட்டுத் தொழிலைத் தொடங்குவார்கள். அவர்கள் தொடங்கிவிட்டார்களே என்று நாமும் மறுநாளே இறக்க வேண்டாம், அவர்கள் படகும் கையும் வேறு. நான் செப்டம்பர் கடைசியில்தான் தார்ப்பாயை அவிழ்ப்பேன், பெரும்பாலும் ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைக்கிற சாக்கில் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுவேன்: ஹோஸ் வெடித்திருக்கிறதா, ஸ்டீயரிங் கேபிள் இறுகிவிட்டதா, டயர் பக்கவாட்டில் விரிசல் இருக்கிறதா.

முதல் பயணம் க்ரீக்குக்குள்ளேயே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பெருக்கு ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் இருக்கட்டும். அப்போது எஞ்சின் நின்றாலும் தண்ணீர் உங்களைக் கடலுக்கு இழுக்காமல் உள்ளேதான் தள்ளும். கட்டிவைத்தபடியே பதினைந்து நிமிஷம் ஓட்டி, அண்ணன் சொன்ன அந்தத் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்த்த பிறகு கயிற்றை அவிழுங்கள். அரை மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து எஞ்சின் மூடியைத் திறந்து பாருங்கள். எங்காவது வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்த இடத்தில்தான் கசிவு, அதைச் சரிபண்ணிவிட்டு மாண்ட்வா பக்கம் போகலாம்.